கரை அரிப்பை வீட்டிலிருந்தே அளக்க ஒரு வழி
கொழும்புப் பக்கத்து வெள்ளவத்தை, தெஹிவளைக் கரை எவ்வளவு அரித்திருக்கிறது என்று அறிய, கணினியில் கூகுள் எர்த்தின் பழைய படங்களைத் திறந்து, கரையோர ரயில் தண்டவாளத்திலிருந்து ஈர மணலின் விளிம்பு வரை அளந்து பாருங்கள்; செலவே இல்லை. தண்டவாளம் இடம் மாறாதது என்பதால் ஆண்டுகளை ஒப்பிடலாம். ஆனால் ஒரே மாதத்துப் படங்களையே எடுங்கள், இதுதான் முக்கியம்: மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றின் அலைகள் மணலை வாரிச் செல்கின்றன, பிறகு பெருமளவு திரும்பி வருகிறது. ஜூலைப் படத்தைப் பெப்ரவரிப் படத்தோடு வைத்தால் வீண் பயம்தான் மிஞ்சும். கொழும்பில் வற்றுப்பெருக்கால் கடல்மட்டம் ஏறி இறங்குவது ஒரு மீற்றருக்கும் குறைவு. அதனால் நாளின் எந்த நேரத்தில் படம் எடுத்தார்கள் என்பது அளவை அதிகம் கெடுக்காது.

கருங்கல் அணை போட்ட இடங்களுக்கும், 2020இல் மணல் கொட்டப்பட்ட கல்கிசைக்கும் இது பொருந்தாது. சில மீற்றர் வித்தியாசத்தை நம்பாதீர்கள். படங்களே ஒன்றுக்கொன்று அவ்வளவு இடம் விலகியிருக்கும்.