ஆம்புலன்ஸ் வேலைக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் தவறு பெயரிலேயே தொடங்குகிறது. ‘பாராமெடிக்கல் கோர்ஸ்’ என்ற பலகையைப் பார்த்துப் பணம் கட்டிவிட்டு, அது லேப் டெக்னீஷியன் படிப்பு என்று பிறகு தெரிந்துகொள்கிறவர்கள் பலர். வெளிநாடுகளில் பாராமெடிக் என்றால் ஆம்புலன்ஸில் வருகிறவர். நம் ஊரில் ‘பாராமெடிக்கல்’ என்பது எக்ஸ்ரே, டயாலிசிஸ், லேப் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர். ஆம்புலன்ஸ்தான் குறி என்றால், தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ‘பி.எஸ்சி. ஆக்சிடென்ட் அண்ட் எமர்ஜென்சி கேர் டெக்னாலஜி’ நேர்வழி. 108-இல் நர்சிங், டி.எம்.எல்.டி. (லேப் டெக்னீஷியன் டிப்ளமோ), விலங்கியல் போன்றவை படித்தவர்களையும் மருத்துவ உதவியாளராக எடுத்துப் பயிற்சி தருகிறார்கள். சேரும் முன் சான்றிதழ் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும் என்று கேளுங்கள்.

12 மணி நேர ஷிப்ட், லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி, 80 கிலோ நோயாளி. இடுப்பை வளைத்துத் தூக்கிப் பழகியவருக்கு முதுகு சீக்கிரமே போய்விடும். முழங்காலை மடக்கி, சுமையை உடம்போடு ஒட்டித் தூக்கப் பழகுங்கள்.

வண்டியை எடுக்கும்போது ஆக்சிஜன் சிலிண்டர் ‘இருக்கிறதா’ என்று மட்டும் பார்ப்பது அடுத்த தவறு. மீட்டர் முள் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். 10 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரில் 150 பார் அழுத்தம் இருந்தால், உள்ளே சுமார் 1,500 லிட்டர் வாயு. நிமிடத்துக்கு 15 லிட்டர் வைத்தால் 100 நிமிடம். முள் அதில் பாதியில், 75 பாரில், நின்றால் 50 நிமிடம்தான். மலைப்பாதையில் இந்தக் கணக்கு தப்பினால் திருத்த வழியில்லை. பை வைத்த மாஸ்க்கைப் பை உப்பாமலே முகத்தில் மாட்டிவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. உள்ளே இருக்கும் வால்வை விரலால் அடைத்து, பை உப்பிய பிறகு மாட்டுங்கள்.

மூச்சு நின்றவருக்கு, நாடித்துடிப்பு இருக்கும்போது, ஆம்பு பேக்கை (கையால் அழுத்தி நுரையீரலுக்குக் காற்று செலுத்தும் பை) 6 விநாடிக்கு ஒரு தடவை, நெஞ்சு எழும் அளவுக்கு மட்டும் அழுத்தினால் போதும். பதற்றத்தில் படபடவென்று அழுத்தினால் காற்று வயிற்றுக்குள் போகும். வாந்தி நுரையீரலில் இறங்கும். இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்திச் செய்யும் சி.பி.ஆரில் 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு நெஞ்சை முழுதாக மேலெழ விடுவதைத்தான் மறக்கிறார்கள். அப்படி மேலெழ விடாவிட்டால் இதயத்தில் ரத்தம் நிரம்பாது.

வாய் கோணி, ஒரு பக்கம் கை விழுந்தவரைப் பார்த்ததும் பக்கவாதம் என்று முடிவுகட்டாதீர்கள். சர்க்கரை குறைந்தாலும் இப்படி ஆகும், குளுக்கோமீட்டரை எடுங்கள். பிறகு நேரம் கேளுங்கள். “எப்ப ஆச்சு?” என்றால் “காலைல எந்திரிக்கும்போதே இப்படித்தான்” என்பார்கள். அதைக் காலை 6 மணி என்று எழுதினால் தவறு. “கடைசியா எப்ப நல்லா பேசினாரு?” என்று கேட்டால் “ராத்திரி பத்து மணிக்கு, படுக்கும்போது” என்று வரும். மூளையில் அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கான நாலரை மணி நேரத்தை டாக்டர் அந்தப் பத்து மணியிலிருந்துதான் எண்ணுவார்.