மறைக்காமல் பேசக்கூடிய மருத்துவரைத் தேடிக்கொள்வது எப்படி?

என் தாயாருக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்த பிறகு, நான்கு ஆண்டுகளில் ஐந்து மருத்துவர்களிடம் அவரை அழைத்துச் சென்றேன். ஐவருமே நன்கு படித்தவர்கள். ஆனாலும், மாத்திரையை இடையிடையே நிறுத்திவிடுவதையும், உறவினர் ஒருவர் சொன்ன கஷாயத்தைக் குடித்து வருவதையும் அம்மா முதல் நால்வரிடமும் சொல்லவே இல்லை. சர்க்கரை குறையவில்லையே என்று அவர்கள் மாத்திரையின் அளவைக் கூட்டிக்கொண்டே போனார்கள். ஐந்தாமவரிடம் முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவர் அளவைக் குறைத்து, ஒழுங்காகச் சாப்பிடச் சொன்னார். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையில் அதன் பலன் தெரிந்தது. ஒரு மருத்துவர் நமக்குப் பொருந்துகிறாரா என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை: அவரிடம் நாம் உண்மையைச் சொல்கிறோமா, இல்லையா?

தேடலை உடம்பு நன்றாக இருக்கும்போதே தொடங்குங்கள். காய்ச்சலில் துவண்டிருக்கும்போது எந்தக் கதவு திறந்திருக்கிறதோ அங்கேதான் போவோம். ரத்த அழுத்தம் பார்ப்பது, ஆண்டுக்கொருமுறை செய்யும் ரத்தப் பரிசோதனையைக் காட்டுவது போன்ற சிறிய காரியத்துக்காக ஒருவரிடம் போய்வந்தால், அவசரமில்லாத மனத்தோடு அவரைக் கவனிக்க முடியும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒருபக்கக் கைகால் செயலிழப்பு போன்றவற்றில் இந்த ஆராய்ச்சிக்கெல்லாம் இடமில்லை; உடனே 108ஐ அழைக்க வேண்டும்.

முதலில் தேவைப்படுபவர் பொதுநல மருத்துவர். தலைசுற்றினால் நரம்பியல், முழங்கால் வலித்தால் எலும்பியல், படபடத்தால் இதயநோய் என்று நாமாகவே பிரித்துக்கொண்டு ஓடும் பழக்கம் நகரங்களில் பெருகிவிட்டது. மூன்று நிபுணர்கள் எழுதிய மூன்று சீட்டுகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்து, இதில் எது வேண்டாம் என்று சொல்லும் ஒருவர் இல்லாமல் போவதுதான் அதனால் வரும் பெரிய நஷ்டம்.

யாரிடம் விசாரிப்பது? இணையத்தில் மருத்துவமனைகளுக்குக் கிடைக்கும் நட்சத்திரங்கள் பெரும்பாலும் காத்திருந்த நேரத்தையும் வரவேற்பில் இருந்தவரின் பேச்சையும் பற்றியவை. சிகிச்சையைப் பற்றி அவற்றிலிருந்து அதிகம் தெரிந்துகொள்ள முடியாது. உங்களுக்கிருக்கும் அதே நோயுடன் பல ஆண்டுகள் ஒரே மருத்துவரிடம் போய்வருகிறவர்களைக் கேளுங்கள். பல மருத்துவர்களின் சீட்டுகளைத் தினமும் பார்க்கும் மருந்துக்கடைக்காரரையும் கேட்கலாம். "டாக்டர் எப்படி?" என்று கேட்டால் "நல்ல டாக்டர், கைராசிக்காரர்" என்ற பதில்தான் வரும். "உங்களுக்கு எப்போதாவது ஒரு மாத்திரையை அவர் நிறுத்தியிருக்கிறாரா?", "சந்தேகம் வந்தபோது வேறொருவரிடம் அனுப்பினாரா?" என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பதில்களில்தான் மருத்துவரின் குணம் தெரியும்.

பெயர் கிடைத்ததும் பதிவைச் சரிபாருங்கள். மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, பதிவு எண் மருத்துவ அறையிலும், மருந்துச் சீட்டிலும், ரசீதிலும் இருக்க வேண்டும். தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் உள்ள பதிவேட்டில் பெயரையோ எண்ணையோ இட்டுத் தேடலாம். பட்டங்களையும் சற்று நிதானித்துப் படிப்பது நல்லது. எம்.டி. என்றிருந்தால் எந்தத் துறையில் என்று பாருங்கள். சில வெளிநாடுகளில் இளநிலைப் படிப்புக்கே அந்தப் பெயர் உண்டு. அதற்காக, எம்.பி.பி.எஸ். மட்டும் படித்தவரைக் குறைவாக எண்ண வேண்டியதில்லை. அம்மாவின் ஐந்தாவது மருத்துவர் அத்தகையவர்தாம்.

முதல் சந்திப்புக்குத் தயாராகப் போக வேண்டும். சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். வலி மாத்திரை, சத்து மாத்திரை, நாட்டு மருந்து எதையும் விட்டுவிடாதீர்கள். பழைய பரிசோதனை முடிவுகளைத் தேதி வாரியாக அடுக்கிக்கொள்ளுங்கள். சொல்ல வேண்டியவற்றில் மூன்றை மட்டும் ஒரு தாளில் எழுதி, எது உங்களை அதிகம் பயமுறுத்துகிறதோ அதை முதலில் சொல்லுங்கள். நம்மில் பலர் சளியைப் பற்றிப் பத்து நிமிடம் பேசிவிட்டு, எழுந்து கதவருகே போன பிறகு, "அப்புறம் டாக்டர், இங்கே ஒரு கட்டி மாதிரி..." என்று தொடங்குகிறோம். அதற்குள் அடுத்த டோக்கன் உள்ளே வந்துவிடுகிறது. கூட்டம் எந்த நேரத்தில் குறைவாக இருக்கும் என்று வரவேற்பிலோ கம்பவுண்டரிடமோ முன்பே கேட்டுக்கொண்டு போனால், அதே மருத்துவர் இன்னும் நிதானமாகப் பேசுவதைக் காணலாம்.

உள்ளே போனதும், நீங்கள் சொல்லத் தொடங்கியதை முடிக்க விடுகிறாரா, ஏற்கெனவே என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கிறாரா, தொட்டுப் பார்த்துச் சோதிக்கிறாரா, ஒரு பரிசோதனை எழுதினால் எதற்காக என்று சொல்கிறாரா என்று கவனியுங்கள். வயதானவரை அழைத்துச் சென்றிருந்தால், அவர் முகத்தைப் பார்த்துப் பேசுகிறாரா அல்லது உங்களிடமே பேசி முடித்துவிடுகிறாரா என்பது மிக முக்கியம். முதல் நால்வரும் என்னிடம்தான் பேசினார்கள்; நானும் அம்மாவுக்காகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஐந்தாமவர் என்னைச் சற்று நேரம் வெளியே இருக்கச் சொன்னார். கஷாயத்தைப் பற்றி அம்மா வாய் திறந்தது அப்போதுதான். அந்தத் தவறில் எனக்கும் பங்கிருந்தது என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

பிறகு, சொல்லத் தயங்கும் ஓர் உண்மையைச் சொல்லிப் பாருங்கள். "பத்து நாளாக மாத்திரை போடவில்லை" என்றால் ஏன் என்று கேட்கிறாரா? விலை கட்டுப்படியாகவில்லை, போட்டதும் வயிறு எரிகிறது, பயமாக இருந்தது என்று காரணம் எதுவாயினும், அதற்கேற்ப மருந்தையோ அளவையோ மாற்ற முயல்கிறாரா? உரிமையோடு கடிந்துகொள்வது வேறு, நோயாளியைக் கூனிக்குறுக வைப்பது வேறு. முதலாவதற்குப் பிறகும் அடுத்த மாதம் உண்மை பேசுவோம், இரண்டாவதற்குப் பிறகு பொய்தான் வரும்.

இனிமையாகப் பேசுவதை மட்டும் நம்பிவிடக் கூடாது என்றும் சொல்ல வேண்டும். கேட்டவுடன் ஊசி போடுபவரும், சாதாரணச் சளிக்கெல்லாம் ஆன்டிபயாடிக் எழுதித் தருபவரும் நமக்கு மிகவும் பிடித்தமானவர்களாகிவிடுகிறார்கள். வைரஸால் வரும் சளிக்கு ஆன்டிபயாடிக்கால் பயனில்லை. "இதற்கு மருந்து தேவையில்லை, மூன்று நாள் பொறுங்கள், இன்னின்ன அறிகுறி வந்தால் உடனே வாருங்கள்" என்று சொல்லும் துணிவுள்ளவர், பேச்சில் சற்றுக் கறாராக இருந்தாலும், நம்பத்தக்கவர்.

பெண்களுக்கு இந்தத் தேடல் இன்னும் கடினமானது. மாதவிடாய் பற்றியோ வெள்ளைப்படுதல் பற்றியோ மாமியாரின் முன்னிலையில் பேச முடியாமல் திரும்பி வந்தவர்கள் பலர். தனியாகப் பேச வேண்டும் என்று கேட்பது மரியாதைக் குறைவன்று. உடன் வந்தவரை வெளியே அனுப்பும்படி செவிலியரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். ஆண் மருத்துவர் உடலைப் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும் என்று கேட்கலாம்; தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் வகுத்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் இது இடம்பெற்றுள்ளது. திருமணமாகாத பெண் கருப்பை தொடர்பான தொல்லையைச் சொன்னால், சிகிச்சைக்கு முன் அறிவுரை தொடங்கும் மருத்துவரிடம் மறுமுறை போக வேண்டியதில்லை.

அரசு மருத்துவமனையில் மருத்துவரைத் தேர்ந்தெடுக்க முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். ஓரளவு முடியும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் புறநோயாளிப் பிரிவில் ஒவ்வொரு யூனிட்டுக்கும் வாரத்தில் குறிப்பிட்ட நாள்கள் உண்டு. உங்களை நன்கு பார்த்த மருத்துவரின் யூனிட் எந்த நாளில் வருகிறது என்று கேட்டுச் சீட்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டு, அடுத்த முறையும் அதே கிழமையில் போனால், பெரும்பாலும் அதே குழுவினரே பார்ப்பார்கள்.

அறுவைச் சிகிச்சை போன்ற பெரிய முடிவுகளில், "இன்னொரு டாக்டரிடமும் கேட்டுக்கொள்ளட்டுமா?" என்று தயங்காமல் கேளுங்கள். இரண்டாவது கருத்துக் கேட்பதும் மருந்தை விரும்பிய கடையில் வாங்குவதும் முன்பு சொன்ன நோயாளிகள் உரிமைச் சாசனம் சொல்லும் உரிமைகளே. நல்ல மருத்துவர் இதைக் கேட்டு முகம் சுளிக்க மாட்டார். பெரும்பாலும் அவரே ஒரு பெயரையும் சொல்வார்.

இரண்டு மூன்று முறை போன பிறகும் அவரிடம் பேச நா எழவில்லை என்றால் மாறிவிடலாம். அதற்கு விளக்கமோ மன்னிப்போ தேவையில்லை. மருத்துவப் பதிவேடுகளின் நகலை எழுத்துமூலம் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. புதியவரைப் பார்க்கும் வரை பழைய மாத்திரைகளை நீங்களாக நிறுத்த வேண்டாம். ரத்த அழுத்தம், வலிப்பு ஆகியவற்றுக்கான மருந்துகளையும் ஸ்டீராய்டுகளையும் திடீரென்று விடுவது ஆபத்து. குறைந்தது இரண்டு வாரத்துக்கான மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்தவரைத் தேடத் தொடங்குங்கள்.