சம்பாதித்தவர் இறந்துவிட்டால்: குடும்பத்துக்கான உதவிகளை எந்த வரிசையில் கேட்பது?

தமிழ்நாட்டில் சம்பாதித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று இறந்துபோனால், அந்தக் குடும்பத்துக்கு வர வேண்டிய உதவிகள் கணிசமாகவே இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அலுவலகத்தில். தங்கச்சி வீட்டுக்காரர் போனபின் அவளோடு அலைந்து தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். எதை முதலில் கேட்பது என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

1. இறப்புச் சான்றிதழ்

21 நாளுக்குள் இறப்பைப் பதிவு செய்துவிடுங்கள், கட்டணம் இல்லை. இந்த இடத்தில் பெயரைக் கவனியுங்கள். ஆஸ்பத்திரியில் படிவம் நிரப்பும்போது பெரும்பாலும் மனைவி அருகில் இருக்க மாட்டார். கூட வந்த பங்காளி ஒருவர், வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லிவிடுவார். ஆதாரில் 'செல்வராஜ்', ரேஷன் கார்டில் 'செல்வராசு', சான்றிதழில் 'ராசு' என்று இருந்தால் மூன்றும் ஒரே ஆள்தான் என்று அடுத்து வரும் எல்லா அலுவலகத்திலும் நிரூபிக்க வேண்டியிருக்கும். ஆதார் ஜெராக்ஸைக் கொடுத்து, இன்ஷியல் உட்பட அதைப் பார்த்தே எழுதச் சொல்லுங்கள். ஏற்கெனவே தப்பாக வந்துவிட்டதா? வேறு எதற்கும் விண்ணப்பிக்காமல், பதிவு செய்த இடத்திலேயே முதலில் திருத்தம் கேளுங்கள்.

2. பாஸ்புக்கைப் புரட்டுங்கள்

இதை யாரும் சொல்வதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். இறந்தவரின் பாஸ்புக்கில் மே, ஜூன் மாதப் பக்கங்களை எடுத்து, 436 ரூபாய் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடாக இருக்கலாம். எந்தக் காரணத்தால் இறந்திருந்தாலும் 2 லட்சம். 20 ரூபாய் பிடித்திருந்தால் சுரக்ஷா காப்பீடு. அது விபத்துக்கு மட்டும், எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை கேட்பார்கள். இரண்டையும் அந்த வங்கிக் கிளையில்தான் கேட்க வேண்டும். நாமினி பெயர் இருந்தால் வாரிசு சான்றிதழுக்காகக் காத்திருக்க வேண்டாம், உடனே போங்கள்.

பி.எஃப். பிடித்த வேலையில் இருக்கும்போதே இறந்திருந்தால், சேர்ந்த பணம், குடும்ப ஓய்வூதியம் தவிர 7 லட்சம் வரை காப்பீட்டுத் தொகையும் உண்டு. கம்பெனியில் கேட்டு வாங்குங்கள்.

3. வாரிசு சான்றிதழ்

இ-சேவையில் 60 ரூபாய். வி.ஏ.ஓ., ஆர்.ஐ. விசாரித்தபின் தாசில்தார் ஒப்புதல். தாலுகா அலுவலகத்தில் உள்ள அரசு இ-சேவை மையத்துக்குப் போவதே நல்லது என்பது என் கருத்து. சில தனியார் கடைகளில் அவசரத்துக்குத் தங்கள் செல் நம்பரைப் போட்டுவிடுவார்கள், அப்புறம் ஓ.டி.பி.யும் குறுஞ்செய்தியும் அங்கேதான் போகும். மனைவியின் நம்பரைத்தான் கொடுக்க வேண்டும். இறந்தவரின் தாய் உயிரோடு இருந்தால் அவரும் வாரிசு, பெயரை விடாதீர்கள்.

4. மாத ஓய்வூதியம்

ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் 2023 ஆகஸ்ட் முதல் மாதம் 1,200 ரூபாய். இதைப் பார்ப்பவர் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பம், இறந்தவர் வயது 18 முதல் 59 என்றால் தேசிய குடும்ப நல உதவி 20,000 ரூபாய் பற்றியும் அங்கேயே கேளுங்கள்.

5. பிள்ளைகள்

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போங்கள். மிஷன் வாத்சல்யா திட்டத்தில், கணவரை இழந்த தாயோடு இருக்கும் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் கேட்கலாம். ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். எந்த அலுவலகம் என்று தெரியாவிட்டால் 1098-க்குக் கூப்பிடுங்கள்.

பிற்சேர்க்கை: இதைப் படித்த ஒரு சகோதரி, புகுந்த வீட்டார் ரேஷன் கார்டையும் பாஸ்புக்கையும் தர மறுக்கிறார்கள் என்று எழுதியிருந்தார். அம்மா, நீங்கள் தனியாகச் சண்டை போட வேண்டியதில்லை. பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டம். 15100-க்குப் பேசுங்கள், அல்லது நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுங்கள். வீட்டில் அடி, மிரட்டல் என்றால் 181. மனு கொடுத்த தேதியோடு நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.