பாத்ரூமில் படம் மாட்டுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மும்பை மாட்டுங்காவில் இருபது வருஷத்துக்கும் மேலாகப் படங்களுக்கு ஃபிரேம் போட்டு வருகிறேன். முன்பெல்லாம் சாமி படம், கல்யாண போட்டோ, தாத்தா பாட்டி படம், இவைதான் வரும். இப்போது செம்பூரிலும் முலுண்டிலும் புது ஃபிளாட் வாங்கியவர்கள், "பாத்ரூமுக்கு ஒரு படம் வேணும் அண்ணா" என்று வருகிறார்கள். நல்ல ஆசைதான். வெறும் டைல்ஸுக்கு நடுவே பிடித்த படம் ஒன்று இருந்தால் அந்தச் சின்ன அறைக்கே ஒரு களை வந்துவிடும். ஆனால் தொழிலுக்கு வந்த புதிதில் நான் செய்த அதே தவறுகளை அவர்களும் செய்வதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. ஷவர் தண்ணீர் நேராகத் தெறிக்கும் இடத்தில் மாட்டாதீர்கள், சாமி படம் வேண்டாம் என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

படத்தைக் கண்ணாடியோடு ஒட்டவைத்து, சுற்றிலும் சீல் போடுவது

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு ஜூலை மாதம். வெளியே நல்ல மழை. கிங்ஸ் சர்க்கிள் பக்கம் இருக்கும் ஒரு மாமி, பழைய நோட்டிலிருந்து பிரித்தெடுத்த கோலப் பக்கம் ஒன்றைக் கொண்டு வந்தார். அவருடைய அம்மா கல்லிடைக்குறிச்சியில் இருந்தபோது நீல மைப் பேனாவால் போட்டுப் பார்த்த பதினைந்து புள்ளிக் கோலம். பாத்ரூமைப் புதுசாகக் கட்டியிருந்தார்கள், வாஷ்பேசின் பக்கத்தில் மாட்ட வேண்டும் என்றார். ஈரம் உள்ளே போகக் கூடாது என்று நான் ஒரு வேலை செய்தேன். காகிதத்தின் மேல் நேராகக் கண்ணாடி, பின்னால் ஹார்ட்போர்டு, அதன் மேல் பழுப்பு டேப், கண்ணாடியின் ஓரமெல்லாம் சிலிக்கான். "இனிமேல் ஒண்ணும் ஆகாது மாமி" என்று கையில் கொடுத்தேன்.

தீபாவளிக்கு முன்னால் திரும்பக் கொண்டு வந்தார். "என்னப்பா இது, இப்படி ஆயிடுத்து?" கோலத்தின் ஒரு பக்கம் மை பரவி நீலத் திட்டாகியிருந்தது. காகிதம் இரண்டு மூன்று இடங்களில் கண்ணாடியோடு ஒட்டிப் போயிருந்தது. ஓரத்தில் பழுப்புப் புள்ளிகள். பிரித்தெடுக்கலாம் என்று மெதுவாக இழுத்தேன். காகிதத்தின் மேல் தோல் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. பணமாக இருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். அந்தக் கைக்கோலத்துக்கு என்ன கொடுப்பது?

நடந்தது இதுதான். காகிதம் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். ஜூலை, ஆகஸ்டில் இங்கே காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். அன்றைக்குக் காகிதமும் ஹார்ட்போர்டும் ஏற்கெனவே ஈரம் குடித்திருந்தன. நான் அதை வெளியே போகவிடாமல் உள்ளேயே அடைத்துவிட்டேன். கீசர் தண்ணீரில் குளிக்கும்போது அறையோடு ஃபிரேமும் சூடாகும், காகிதம் ஈரத்தை விடும். அப்புறம் கண்ணாடி குளிர்ந்ததும் அந்த ஈரம் அதன் உள்பக்கத்தில் வியர்க்கும். இடைவெளி இல்லாததால் காகிதம் அந்தத் துளிமேலேயே படுத்துக் கிடக்கும். காகிதத்தில் பசைப் பொருள் கலந்திருக்கும். போட்டோ என்றால் மேலே ஜெலட்டின் பூச்சு இருக்கலாம். நனைந்து காய்ந்தால் கோந்து போலப் பிடித்துக்கொள்ளும். ஈரப்பதம் 65, 70 சதவீதத்துக்கு மேல் அப்படியே நின்றால் பூஞ்சையும் கிளம்பிவிடும்.

இன்றும் சில கடைகளில் "சீல் போட்டாச்சு, பாத்ரூமுக்கு சேஃப்" என்று சொல்லி அதற்குத் தனிக் காசும் வாங்குகிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. சிலிக்கான் வெளித் தண்ணீரைத் தடுக்கும், சரி. உள்ளே ஏற்கெனவே இருக்கும் ஈரத்தை என்ன செய்யும்?

நான் இப்போது செய்வது: காகிதத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே 4, 5 மில்லிமீட்டர் இடைவெளி. படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டை ஒன்று ஒன்றரை மில்லிமீட்டர்தான் வரும், அது போதாது. ஓரத்தில் அக்ரிலிக் பட்டை கொடுத்துத் தூக்கிவிடுவேன். ஃபிரேமின் பின்னால் நாலு மூலையிலும் ரப்பர் பொட்டு, சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடட்டும் என்று. இவ்வளவும் செய்தாலும் ஒரே பிரதிதான் இருக்கிறது என்றால் அதை பாத்ரூமில் மாட்டவே வேண்டாம். ஸ்கேன் செய்து, பிரிண்டை அங்கே மாட்டி, அசலை ஹாலில் வையுங்கள்.

ஏற்கெனவே ஒட்டிப் போயிருந்தால் பிரிக்காதீர்கள், ஹேர் டிரையர் காட்டாதீர்கள். கண்ணாடியோடு அப்படியே படுக்கவைத்து, ஓவியப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் எடுத்துப் போங்கள். கோட்டைப் பகுதியில் இருக்கும் சத்ரபதி சிவாஜி மகாராஜ் அருங்காட்சியகத்தில் இதற்கென்றே ஒரு மையம் இருக்கிறது. அங்கே விசாரித்துப் பாருங்கள்.

தஞ்சாவூர் ஓவியமும் வார்லியும்

சாமி இல்லாத தஞ்சாவூர் ஓவியங்களும் இப்போது கிடைப்பதால் பலர் இதையும் கேட்கிறார்கள். பலகை, துணி, அதன் மேல் சுண்ணப் பொடியும் கோந்தும் சேர்த்து எழுப்பிய புடைப்பு, அதன் மேல் தங்க ரேக்கு. இந்த அடுக்குகள் எல்லாம் ஈரத்தில் ஒரே மாதிரி உப்புவதில்லை, அதனால் விரிசல் விடும். பால்கர், தஹானு பக்கத்து வார்லி ஓவியம் இங்கே நடக்கும் காலா கோடா கலை விழாவில் வாங்கியதாக இருக்கும். செம்மண் பூச்சின் மேல் அரிசி மாவுக் கரைசலால் வரைவது அதன் மரபு. அரிசி மாவு பூஞ்சைக்குச் சாப்பாடு. இரண்டுமே பாத்ரூமுக்கு ஆகாது.

பாத்ரூமில் தாக்குப்பிடிப்பது, ஓவியத்தோடு சேர்த்துச் சூளையில் சுட்ட மெருகு டைல். ஓவியத்தைச் சுடாமல் டைல் மேல் அச்சடித்தும் விற்கிறார்கள். ஆசிட் போட்டுத் தேய்த்தால் அது போய்விடும். வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

எம்.டி.எஃப். ஃபிரேம்

மர நாரை அழுத்திச் செய்த பலகை இது. வேண்டாம். ஒரு மழைக்காலத்தில் உப்பிவிடும். அலுமினியம் போடுங்கள்.

ஃபிரேமில் கனமான கண்ணாடி

ஈரத் தரை, வெறுங்கால். அக்ரிலிக் ஷீட் கண்ணாடியின் பாதி எடைதான், உடைந்தாலும் சில்லு சில்லாகச் சிதறாது.

வெளிச்சுவரில் மாட்டுவது

மழைக்காலத்தில் ஓதம் அடிக்கும் சுவர் எது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டு உள்சுவரைப் பாருங்கள். டிரில் போடுவதற்கு முன் குழாய் எங்கே போகிறது என்று பிளம்பரைக் கேளுங்கள். வெந்நீரும் தண்ணீரும் கலந்து வரும் மிக்ஸர் குழாய்க்கு நேர் மேலே பெரும்பாலும் கீசர் வரை பைப் இருக்கும்.

உயரம்

ஹாலில் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145, 150 சென்டிமீட்டரில் இருக்க வேண்டும் என்போம், நின்று பார்க்கிறவருக்காக. கமோடுக்கு எதிர்ச் சுவரில் மாட்டினால் பார்ப்பவர் உட்கார்ந்திருப்பார். 115 சென்டிமீட்டர் சரியாக இருக்கும். ஒருமுறை அந்த உயரத்தில் வைத்துப் பாருங்கள், படமே வேறு மாதிரி தெரியும்.

மழையில் ஃபிரேம் போடுவது

நான் இப்போது பாத்ரூமுக்கான காகிதப் படங்களுக்குக் குளிர்காலத்தில் மட்டும்தான் ஃபிரேம் போடுகிறேன். ஜூலையில் யாராவது கொண்டு வந்தால், வீட்டில் உலர்ந்த இடமாகப் பார்த்துத் தட்டையாக வைத்திருங்கள், பொங்கல் கழிந்து வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன்.