ஜெர்மன் பேரரசின் வெள்ளிக் காசுகள்: வாங்கும்போது செய்யும் தவறுகள்

1871 முதல் 1918 வரை நீடித்த ஜெர்மன் பேரரசின் பெரிய வெள்ளிக் காசுகளில் கழுகு உள்ள பக்கம் எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். புதிதாகச் சேர்ப்பவர்கள் அந்தக் கழுகைப் பார்த்தே மயங்கிவிடுகிறார்கள். விலை இருப்பது மறுபக்கத்தில். மார்க் என்பது அன்றைய ஜெர்மன் பணம். 2, 3, 5 மார்க் காசுகளைப் பேரரசுக்குள் இருந்த அரசுகள் தங்கள் மன்னரின் முகத்தோடு வெளியிட்டன. ஹாம்பர்க், பிரெமன், லூபெக் நகரங்களுக்கு மன்னர் கிடையாது. அவற்றின் காசில் நகரச் சின்னம் இருக்கும். பிரஷ்யாவின் இரண்டாம் வில்ஹெல்ம் தலை போட்ட 3 மார்க் பல லட்சம் வந்தது. 1903இல் வால்டெக்-பிர்மான்ட் என்ற சிறிய அரசு வெளியிட்ட 5 மார்க் வெறும் 2,000தான். எடை, வெள்ளி, கழுகு எதிலும் குறை சொல்ல முடியாத இரண்டு காசுகளுக்கு நடுவே இவ்வளவு தூரம்.

'டாய்ச்சஸ் ரைக்' (ஜெர்மன் பேரரசு) என்று எழுதியிருந்தாலே பேரரசுக் காசு என்று எடுத்துக்கொள்வது இன்னொரு தவறு. மன்னராட்சி போன பிறகும் அந்தப் பெயர் காசுகளில் தொடர்ந்தது. 1924இன் 3 மார்க்கில் பாதிதான் வெள்ளி. ஹிட்லர் காலத்து 5 ரைக்ஸ்மார்க்கின் எடை 13.88 கிராம், அதாவது பேரரசுக் கால 5 மார்க்கில் பாதி. எழுத்தைவிட ஆண்டை முதலில் பாருங்கள்.

பழசு என்றால் அரிது என்ற நினைப்பும் காசைக் கரைக்கும். 1888இல் 99 நாள் மட்டுமே ஆண்டு இறந்துபோனவர் மூன்றாம் ஃபிரெட்ரிக். அவர் தலை போட்ட காசு என்றதும் விற்பவர் குரல் உயரும். உண்மையில் அதை நினைவுப் பொருளாகவே பலர் எடுத்து வைத்தார்கள். நல்ல நிலையிலேயே நிறையக் கிடைக்கிறது. கதைக்கு ஒரு விலை, காசுக்கு ஒரு விலை என்று கொடுக்காதீர்கள். 1913இன் லைப்சிக் போர் நினைவுச் சின்னம் போட்ட சாக்சனி 3 மார்க்கும் அப்படித்தான். அழகான காசு, ஆனால் அரிதல்ல.

சரி, போலிகளுக்கு வருவோம். தராசு இல்லாமல் இந்தப் பக்கம் வரவே கூடாது. இந்தக் காசுகளின் தரம் 900, அதாவது ஆயிரத்தில் 900 பங்கு வெள்ளி. ஒரு மார்க்குக்கு 5 கிராம் சுத்த வெள்ளி என்பது கணக்கு. ஆகவே 1 மார்க் 5.56 கிராம், 2 மார்க் 11.11, 3 மார்க் 16.67, 5 மார்க் 27.78. தேய்மானத்தால் கொஞ்சம் குறையலாம், கிராம் கணக்கில் குறைந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். காந்தத்தில் ஒட்டவில்லை என்று நிம்மதி அடைய வேண்டாம், பித்தளையும் ஒட்டாது. அப்புறம் விளிம்பைப் பாருங்கள்: 3, 5 மார்க் காசுகளில் 'கோட் மிட் உன்ஸ்' (கடவுள் நம்மோடு) என்ற வாசகம் தெளிவாக ஓடும். போலி செய்பவர்கள் அதிகம் சறுக்குவது அங்கேதான். ஆண்டும், எந்த நாணயச்சாலையில் அடித்தது என்று காட்டும் எழுத்தும் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். 3 மார்க் 1908இல்தான் வரத் தொடங்கியது. ஹனோவர் நாணயச்சாலையின் 'பி' (B) எழுத்து 1878உடன் நின்றுபோனது. 1900 என்று ஆண்டு போட்ட காசில் 'பி' இருந்தால் யோசிக்கவே வேண்டாம், போலிதான்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவுக்காக அடித்த ரூபாய்க் காசு 11.66 கிராம் எடை, 917 தரம். அங்கே முன்பே இந்திய ரூபாய் புழங்கியதால் அதன் அளவிலேயே செய்தார்கள். மார்க் கணக்குக்கு வரவில்லையே என்று அதைப் போலி என ஒதுக்கிவிடாதீர்கள்.

சாக்சனியின் 1917 ஆண்டு 3 மார்க், கிறித்தவ சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதருக்கு அடைக்கலம் தந்த ஃபிரெட்ரிக்கின் தலை போட்டது. மொத்தமே 100 காசுகள் அடித்தார்கள். அதை யாராவது சந்தையில் மலிவாக நீட்டினால் அது நகல் என்றே வைத்துக்கொள்ளலாம்.

விளிம்பின் உச்சியில் லேசான தடிப்போ ராவிய தடமோ இருந்தால், காசு ஒரு காலத்தில் வளையம் வைத்துச் சங்கிலியில் தொங்கியிருக்கிறது என்று அர்த்தம். வளையத்தை எடுத்துவிட்டு முழு விலை கேட்பார்கள். கொடுக்காதீர்கள். பிளாஸ்டிக் உறையில் பிவிசி கலந்திருந்தால் காசில் பச்சை படியும், உறையை மாற்றுங்கள்.

எல்லாவற்றிலும் மோசமானது தேய்த்துக் கழுவுவது. புளி, விபூதி, பற்பசை எதுவானாலும் மேற்பரப்பில் கோடு விழும், அந்தக் கோட்டை யாராலும் திரும்ப எடுக்க முடியாது. நூறு வருடத்தில் மெல்லப் படிந்த கருமைக்கு வாங்குபவர்கள் கூடுதல் விலை தருகிறார்கள். பளபளவென்று மின்னும் தேய்ந்த காசைப் பார்த்தால் விலகிப் போகிறார்கள். 1918, 1919 ஆண்டுகளின் அரை மார்க்கில் ஒரு பகுதியை, மக்கள் வெள்ளியைப் பதுக்கக் கூடாதென்று, நாணயச்சாலையிலேயே கறுப்பாக்கி அனுப்பினார்கள். கறுப்பாக இருக்கிறதே என்று அதைத் தேய்த்து வெள்ளையாக்கியவர்கள் உண்டு. அதற்கப்புறம் அது வெள்ளி விலைக்குத்தான் போகும்.