புது வால்வில் கசிவு: வீட்டில் நாம் செய்யும் தவறுகள்

இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் வெளியேறும் வாசலான மகாதமனி வால்வைத் தொடை ரத்தக்குழாய் வழியாகப் புதிதாகப் பொருத்திக்கொண்டு அப்பா மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்குத் திரும்பியபோது, இதயத்துக் கவலை அத்தோடு தீர்ந்தது என்றே நினைத்தோம். அங்கேயே தவறு தொடங்கியது.

இந்தச் சிகிச்சையில் பழைய வால்வை வெட்டி எடுப்பதில்லை. சுண்ணாம்பு படிந்து இறுகிய அதை ஓரமாக நெருக்கிவிட்டு, புதியது உள்ளே விரிகிறது. சுண்ணாம்பு மேடுபள்ளமாக இருந்தால் விளிம்பு சுவரோடு படியாது. ரப்பர் மரத்தில் செருகிய தகரம் பட்டையோடு ஒட்டாதபோது பால், அதைப் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தில் விழாமல் ஓரமாக ஒழுகுமே, அதைப்போல ரத்தம் அந்த இடுக்கு வழியாக இதயத்துக்கே திரும்பி வடியும்.

அப்பாவின் சிறுநீர் கடுந்தேநீர் நிறத்துக்கு மாறியது. உடம்புச் சூடு என்று பார்லித் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்து மூன்று வாரத்தை வீணாக்கினோம். முகம் வெளுத்து, கண் மஞ்சளித்த பிறகுதான் ரத்தப் பரிசோதனைக்குப் போனோம். குறுகிய இடுக்கில் ரத்தம் பீய்ச்சியடிக்கும்போது சிவப்பணுக்கள் உடைகின்றன. கசிவு சிறியதாக இருந்தாலும் இது நேரலாம். இந்த நிறமாற்றத்தைக் கண்டால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள்.

"நன்றாகத்தானே நடக்கிறார், ஈப்போ மருத்துவமனைவரை எதற்கு?" என்று, ஒலி அலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் எக்கோ பரிசோதனையைத் தள்ளிப்போடுவது இன்னொரு தவறு. வீடு திரும்புமுன், 30 நாளில், ஓராண்டில், பிறகு ஆண்டுதோறும் எக்கோ எடுப்பது வழக்கம். கசியும் ரத்தத்தையும் சேர்த்துச் சுமக்கும் இதயம் வெளியே காட்டிக்கொள்ளாமலே மெல்ல மெல்ல விரிந்துவிடும். படுத்தால் மூச்சு முட்டுவதையும் கால் வீங்குவதையும் வயதின் மேல் போடாதீர்கள். தினமும் காலையில் எடை பாருங்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் உடம்பில் நீர் சேர்கிறது என்று பொருள். உப்புக் கருவாட்டைக் குறையுங்கள். ரத்த அழுத்தம் ஏறினால் கசிவும் கூடும்.

கசிவு என்ற சொல்லைக் கேட்டதும் இடிந்துபோகவும் வேண்டாம். லேசான கசிவு பலருக்கு உண்டு. பெரும்பாலும் கண்காணிப்பே போதும். மிதமானதோ கடுமையானதோ என்றால் பலூனால் வால்வை மேலும் விரிப்பது, இடுக்கை அடைப்பானால் மூடுவது, உள்ளே இன்னொரு வால்வு வைப்பது என வழிகள் இருக்கின்றன.

பல் பிடுங்கப் போகும்போது வால்வு இருப்பதைச் சொல்லாமல் விடாதீர்கள். கிருமி வால்வில் தங்காமலிருக்க முன்கூட்டியே மருந்து தேவைப்படும். மருத்துவமனை தந்த வால்வு அட்டை இப்போது அப்பாவின் சட்டைப்பையில் அடையாள அட்டையோடு இருக்கிறது. எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் அதைத்தான் முதலில் நீட்டுகிறார்.