முழுக்கு ஞானஸ்நானத்துக்கு ஆயத்தப்படுத்தும்போது

வகுப்பில் முதலில் கேளுங்கள்: “ஞானஸ்நானம் எடுத்தால் என்ன ஆகும்?” “பாவம் கழுவப்படும்” என்று மட்டும் பதில் வந்தால் தேதி குறிக்க அவசரப்படாதீர்கள். யோவான் 3:5-இல் வரும் “ஜலத்தினாலும் ஆவியினாலும்” பிறப்பது என்பதைக் கத்தோலிக்க, லுத்தரன் சபைகள் ஞானஸ்நானத்தோடு சேர்த்தே போதிக்கின்றன, குழந்தைகளுக்கும் கொடுக்கின்றன. பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே சபைகளில் பொதுவாக மறுபிறப்பு, அதாவது ஆவியானவரால் உள்ளம் புதிதாவது, முந்தியது, தண்ணீர் அதன் வெளிப்படையான சாட்சி. இனி வருவது பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே சபையாருக்கானது.

அப்போஸ்தலர் நடபடிகளில் இரண்டு பகுதிகளைச் சேர்த்து வாசிக்க வையுங்கள். 10:44-48-இல் ரோமப் படை அதிகாரியான கொர்நேலியுவின் வீட்டார்மேல் ஆவியானவர் இறங்கிய பிறகுதான் தண்ணீர். 8-ஆம் அதிகாரத்தில் மாயவித்தைக்காரனான சீமோன் ஞானஸ்நானம் பெற்றும், அவன் இருதயம் செம்மையாயில்லை என்கிறார் பேதுரு. மறுபிறப்பு வேறு, தண்ணீர் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது. ஆனால், “அப்படியானால் தண்ணீர் எதற்கு?” என்று விட்டுவிடவும் கூடாது, கொர்நேலியு வீட்டாருக்கு ஞானஸ்நானம் கொடுக்கப் பேதுரு கட்டளையிட்டார்.

கல்யாணத்துக்காகவோ வீட்டார் வற்புறுத்தலாலோ வருகிறவரிடம் தனியாகப் பேசுங்கள்.

தண்ணீர் இடுப்பளவு போதும். வெள்ளைத் துணி நனைந்தால் உடல் தெரியும். உள்ளே கருநிற உடை அவசியம். ஞானஸ்நானம் பெறுகிறவர் கைகளை மார்பில் குறுக்கே வைத்து, மூக்கைக் கைக்குட்டையால் பிடிக்கட்டும். உங்கள் ஒரு கை அவர் முதுகில், மற்றது அவர் கைகள்மேல். முழங்காலை மடக்கச் சொல்லிப் அவரைப் பின்பக்கமாகச் சாய்த்து முழுக்குங்கள். விறைப்பாக நின்றால் கால் வழுக்கும். கனத்தவருக்கு இருவர் நில்லுங்கள். தண்ணீரில் நிற்கும் எவரும் வயர் மைக்கைத் தொடக் கூடாது.